இரண்டு எழுத்து கூடுதல்

கடுகு என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு கண்மணி மூன்று வருடம் நிம்மதியாக இருந்தாள். சிறுத்தாலும் காரம் குறையாது என்று பெருமைக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. சிங்கப்பூரில், ஈசூனில் வாடகைக்கு வந்த அறையில் உட்கார்ந்து அவள் மடிக்கணினியைத் திறந்தபோது, "உங்கள் பெயர்?" என்று திரை கேட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது, அதையே தட்டிவிட்டாள். தன் பெயரைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் சொல்லிவிடுகிற நிலைமையில்தான் அவள் அப்போது இருந்தாள்.

பெயர் கேட்டது 'பேர்சொல்லி' என்ற மென்பொருளை எழுதுகிறவர்களின் தளம். ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தருவதுதான் பேர்சொல்லியின் வேலை. இது என்ன பிரமாதம் என்று தோன்றும். பாப்பம்மாளைப் 'பப்பம்மல்' என்றும் அமலாவை 'அமாளா' என்றும் அச்சடித்து ஒட்டியிருப்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்குத்தான் அது பிரமாதமா இல்லையா என்று தெரியும். அப்படி வயிறெரிந்த பத்துப் பதினைந்து பேர், சிங்கப்பூரிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துகொண்டு, கூலி வாங்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் அதீஃப். புக்கிட் பாஞ்சாங்வாசி, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுகிறவர், ஒரு எறும்பைக்கூட வரிசை மாறிப் போக விடாத மனுஷர்.

கண்மணி அதில் எழுதிய பகுதி சின்னது, ஆனால் அது இல்லாமல் மற்றது நிற்காது. நம்மவர்கள் எண்கணிதக்காரன் பேச்சைக் கேட்டுப் பெயரில் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள் அல்லவா? குமாருக்கு மூன்று ஆர், சுரேஷுக்கு இரண்டு இசட் என்று. அந்தக் கூடுதல் எழுத்தையெல்லாம் களைந்துவிட்டு, உள்ளே இருக்கும் நிஜப் பெயரை எடுத்துத் தருவதுதான் அவள் எழுதிய நிரல். எத்தனை எழுத்தை ஒட்டினாலும் குமார் குமார்தான் என்று அது அடித்துச் சொல்லும். அதை எழுதும்போது அவளுக்குப் பழி தீர்க்கிற சந்தோஷம் இருந்தது. ஏனென்றால் அவள் புருஷன் அப்படிப்பட்ட ஆள்.

ரகுபதிக்குத் திருச்சியில் மனை வாங்கி விற்கிற தொழில். கும்பகோணத்தில் ஒரு எண்கணிதக்காரர் அவனிடம், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு எச் கூடுதலாகவும் கடைசியில் ஒரு ஈ கூடுதலாகவும் போடு, கூட்டுத்தொகை ஐந்து வரும், உன் பெயர் உலகம் பூராவும் அடிபடும் என்றார். அவன் கெஜட்டில் போட்டு மாற்றிக்கொண்டான். கல்யாணம் ஆனதும் கண்மணியின் பாஸ்போர்ட்டிலிருந்து அவள் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு, அந்த இரண்டு எழுத்தோடு தன் பெயரை ஏற்றினான். வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, கூகுளில் தன் பெயரைத் தேடுவான். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். அவன் மனை விளம்பரமும் அவன் முகநூலும்தான் வரும். உலகத்தில் அப்படி எழுதிக்கொள்கிற கிறுக்கன் வேறு எவனும் இல்லை.

கேட்டால் சிரிப்பு வருகிறதா? கண்மணிக்கும் ஒரு வெள்ளிக்கிழமை சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதற்காக அவன் அவளுடைய இடதுகையைப் பிடித்து இழுத்துப்போய் இரும்பு பீரோவின் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். சுண்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. ஒன்பது விரலால்தான் தட்டுகிறாள்.

கல்லூரியில் கூடப் படித்தவள் ஒருத்தி சிங்கப்பூரில், தெம்பனிஸில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதனை செய்கிற வேலை வாங்கிக் கொடுத்தாள். கண்மணி ஊரைவிட்டு ஓடிவந்தாள். விவாகரத்து வழக்கு திருச்சிக் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டே கிடக்கிறது. தீர்ப்பு வராமல் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற முடியாது. எந்தப் பெயரிடமிருந்து தப்பி ஓடினாளோ அந்தப் பெயரைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓடினாள். அவன் தேடாத இடம் இல்லை. பெங்களூரில் அவள் சித்தி வீட்டுக் கதவை உடைத்தான். அப்புறம் ஓய்ந்துவிட்டான். "அவரு உன்னைத் தேடுறதையே விட்டுட்டாருடி" என்று அம்மா போனில் சொன்னாள். அது பொய்யில்லை.

கதை இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பேர்சொல்லிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, இதை நாங்கள் எடுத்து வளர்க்கிறோம், உலகத்தில் இருக்கிற போன்களிலெல்லாம் போய்ச் சேரும்படி செய்கிறோம் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. எழுதிய ஒவ்வொருவரும், இதை எழுதியது நான்தான் என்று தன் நிஜப் பெயரைப் போட்டுக் கையொப்ப வரி சேர்க்கவேண்டும். நிஜப் பெயர் என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர். முன்பு எழுதியவற்றுக்கும் சேர்த்து. வேறெங்கோ எவனோ புனைபெயரில் நுழைந்து ஒரு மென்பொருளுக்குள் விஷமத்தை வைத்துவிட்டுப் போனானாம். அதிலிருந்து இந்தச் சட்டம். கையொப்பம் இல்லாத நிரலை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

அதீஃப் போன் செய்தார்.

"கடுகு, மூணு வருஷமா பேசுறோம், உங்க பேரே எனக்குத் தெரியாதுன்னு நெனச்சா சிரிப்பா இருக்கு லா."

"கடுகுன்னே இருந்துட்டுப் போகட்டுமேண்ணா."

"எனக்கு ஓகே. அவங்களுக்கு ஓகே இல்ல. ரூல் எல்லாருக்கும் சேம். நேம் போடலன்னா உங்க பார்ட் ஃபுல்லா ரிமூவ் ஆயிடும். அது இல்லாம மத்தது எதுவும் ஓடாது, உங்களுக்கே தெரியும்."

"பேரு போட முடியாத நெலமையில யாராச்சும் இருந்தா என்ன பண்ணுவாங்க?"

"ஏன், என்ன ப்ராப்ளம்?"

கண்மணி போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "வீட்டுப் பிரச்சனண்ணா" என்றாள்.

அதீஃப் சிரித்தார். "வீட்டுல ஏசுவாங்களா? கம்ப்யூட்டரே கதின்னு கெடக்குறேன்னு? என் வைஃபும் ஏசுவாங்க லா. இவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கீங்க, தெரிஞ்சா ப்ரௌடா ஃபீல் பண்ணுவாங்க பாருங்க."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கவேண்டும். புருஷன் என் கையைப் பீரோ கதவில் வைத்து நசுக்கினான், அவன் கண்ணில் படக்கூடாது என்று ஒரு வரி. ஆனால் முகம்கூடப் பார்த்திராத ஒரு மனுஷரிடம், அதுவும் அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அதை எங்கிருந்து ஆரம்பிப்பது? நாலு பேர் கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும் என்றுதான் நம் பெண்களை வளர்த்து வைத்திருக்கிறோம். அடித்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான், அடிபட்டவள் வெட்கப்படுவாள். "யோசிச்சுச் சொல்றேண்ணா" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா சம்சுன்னிசாவுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். தேக்காவில், லிட்டில் இந்தியா கடைத்தெருவில், மாமனார் காலத்து ஜவுளிக்கடையைத் தனியாளாக நடத்துகிறவள். எல்லோருக்கும் அவள் லாத்தா, அதாவது அக்கா; கண்மணிக்கும் லாத்தாதான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போடாத புள்ள. வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காத. ஒனக்கு என்ன, அந்தப் பேர்சொல்லி சோறா போடுது?"

"எழுதுனதெல்லாம் போயிடும் லாத்தா."

"போனாப் போகுது. நீ போயிட்டா?"

சரிதான் என்று கண்மணியும் விட்டுவிட்டாள். அன்று அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பட்ட காலிலே படும் என்பார்களே, அடுத்த வாரமே தெம்பனிஸ் கம்பெனியில், சோதனைப் பிரிவை மூடுகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். வேலை போனால் இந்த ஊரில் தங்கவிடுகிற பாஸ் போகும். பாஸ் போனால் விமானம் ஏறவேண்டும். விமானம் இறங்குகிற இடம் திருச்சி.

கண்மணி கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள். சோதனை செய்தவள்தானே, நிரல் எழுதத் தெரியுமா என்றே எல்லோரும் கேட்டார்கள். ஒரு கம்பெனியில் மட்டும் நேரில் கூப்பிட்டு, நீங்கள் எழுதியது ஏதாவது காட்டுங்கள் என்றார்கள். அவள் பேர்சொல்லியைக் காட்டினாள். அவர்கள் உன்னிப்பாகப் பார்த்தார்கள், பிரமாதம் என்றார்கள். அப்புறம் நேர்காணல் நடத்திய அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டாள், எழுதியவர் பெயர் கடுகு என்று இருக்கிறதே, அது நீங்கள்தான் என்று நாங்கள் எப்படி நம்புவது? கண்மணி, இரண்டு வாரத்தில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எம்ஆர்டி ரயில் நிலையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

இந்தப் பக்கம் பெயரைப் போட்டால் அவன் கண்ணில் பட்டாலும் படலாம். போடாவிட்டால் நிச்சயமாக அவன் வாசலில் போய் இறங்கவேண்டும். படலாம் என்பதையும் நிச்சயம் என்பதையும் தராசில் வைத்தால் யாராக இருந்தாலும் எந்தத் தட்டைத் தேர்ந்தெடுப்பார்கள்? அவளும் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

அதீஃபிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கையொப்ப வரி கூகுள்ல தேடினா வருமாண்ணா?"

"நம்ம சைட்ல வராது. யாரு என்ன எழுதினாங்கன்னு இருக்கிற லாக் பேஜெல்லாம் கூகுள் பாக்காதபடி ப்ளாக் பண்ணி வெச்சிருக்கேன். அதைப் போய் யாரு படிக்கப் போறா லா?"

நம் தளத்தில் வராது. ஆனால் பொதுவில் வைத்ததை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துத் தங்கள் தளத்தில் வைத்துக்கொள்ளலாம். அதுதான் அந்த வேலையின் தர்மமே. அது கண்மணிக்குத் தெரியாததில்லை. தெரிந்தும், தெரியாத மாதிரி அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டாள். முழுகுகிறவளுக்குத் துரும்பு கிடைத்தால் அது துரும்பு என்றா பார்ப்பாள்?

அதோடு அவளிடம் ஒரு யுக்தியும் இருந்தது. கண்மணி ரகுபதி என்று எழுதத்தானே வேண்டும்? எல்லோரும் எழுதுகிற மாதிரி, எச்சும் ஈயும் கூட்டாமல் எழுதினால் என்ன? ஊரில் ரகுபதிக்கா பஞ்சம்? அந்தக் கூட்டத்தில் இவளும் ஒரு ரகுபதியின் பெண்டாட்டி, அல்லது மகள். அவன் தேடுகிற பெயரில் அகப்படமாட்டாள். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அறக்கட்டளையின் தளத்துக்கு அனுப்பிவிட்டு, பெயரைச் சாதாரணமாகத் தட்டினாள். கொஞ்சநேரம் சக்கரம் சுற்றியது. பெயர் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று சிவப்பில் வந்தது. இன்னொரு தரம் தட்டினாள். மறுபடியும் சிவப்பு.

அதீஃபுக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டம் லெட்டர் பை லெட்டர் பாக்குது கண்மணி. நான் ஒண்ணும் பண்ண முடியாது." இப்போது அவருக்கு அவள் பெயர் தெரியும். "எங்க மிஸ்மாட்ச்? அட, ஒரு எச்சும் ஒரு ஈயும். ரெண்டு எழுத்துதானே லா, போட்டுடுங்க."

"அது வேணாம்ணா. அது... எண்கணிதத்துக்காகப் போட்டது. நெஜமான பேரு இல்ல."

"பாஸ்போர்ட்ல இருக்கே. அப்ப அதுதான் நெஜம்."

எத்தனை எழுத்தை ஒட்டினாலும் ரகுபதி ரகுபதிதான் என்று ஒரு நிரலுக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆனால் வாசலில் உட்கார்ந்து பெயரைச் சரிபார்க்கிற இயந்திரம் அவள் எழுதியது இல்லையே. கண்மணி நடுவில் ஒரு எச் சேர்த்தாள். கடைசியில் ஒரு ஈ சேர்த்தாள். பச்சை வந்தது. நிஜப் பெயர், சரிபார்க்கப்பட்டது.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவளும் கூகுளைத் திறந்து அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தாள். கடல் தாண்டி வந்தும் வெள்ளிக்கிழமை விரதம்போல் கட்டினவன் பெயரை ஜபிக்கிற பத்தினி! அங்கே அவன் விபூதி பூசிக்கொண்டு தட்டுவான். இங்கே இவள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தட்டுவாள். மனை விளம்பரம், முகநூல். அடுத்த வாரமும் மனை விளம்பரம், முகநூல். அவள் பெயர் இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. கையொப்ப வரியைக் காட்டியதும் அந்த அம்மாள் எழுந்து கைகொடுத்தாள். புது பாஸ் வந்தது. பேர்சொல்லியும் வெளியானது. பழைய வேலையை முடித்துக்கொடுத்துப் புது வேலையில் சேர்ந்த அமளியில் கண்மணி ஒரு வெள்ளிக்கிழமை தேட மறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆனால் இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவோமே என்று விட்டுவிட்டாள். அப்படியே அந்தப் பழக்கம் நின்றுபோனது. லாத்தாகூட ஒருநாள், "மொகத்துல இப்பத்தான் புள்ள ரத்தம் ஓடுது" என்றாள்.

பேர்சொல்லி வெளியானதைக் கொண்டாட அதீஃப் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டன்லப் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடியைப் பிடித்திருந்தார். மூன்று வருடமாகக் குரல் மட்டும் கேட்டவர்களெல்லாம் நேரில் பார்த்துக்கொள்ளலாம். கண்மணிக்குப் போகப் பயமாகத்தான் இருந்தது. போய்த்தான் பாரேன் என்று இன்னொரு மனசு சொன்னது. லாத்தாவின் கடையும் நாலு கடை தள்ளித்தானே இருக்கிறது. லாத்தாவே கடையிலிருந்து ஒரு மயில்கழுத்து நிறப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்து, "நீ செஞ்ச வேலைக்கு நீ போகாம வேற எவ போவா? போயிட்டு வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து கூலிவேலைக்கு வந்து, அன்று லீவு கிடைத்த பையன்கள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்மணி மாடிப்படி ஏறினாள். மேலே வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் ஹம்னா. பேர்சொல்லிக்கு உதவிக்குறிப்புகளை எழுதுகிற பள்ளி ஆசிரியை. போனில் பேசிப் பழக்கம். மேசைமேல் வந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளப் பெயரட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். எல்லாம் தமிழில்.

"நீங்கதான் கண்மணியாக்கா? அட்டையப் பாருங்க! லிஸ்ட் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அப்படியே நம்ம பேர்சொல்லியில போட்டேன். எல்லாம் தமிழ்ல வந்துருச்சு. ஒரு தப்பு இல்ல."

கண்மணி பார்த்தாள். பாப்பம்மாள், பப்பம்மல் ஆகாமல் பாப்பம்மாளாகவே இருந்தாள். முகமது யூசுப், அமலா, அப்துல் ஹமீது. யாருக்கும் கால் ஒடியவில்லை, கை முறியவில்லை. அவளுடைய அட்டையில் கண்மணி என்று மட்டும் இருந்தது. அதன் பக்கத்து அட்டையில் ரகுபதி.

அவள் அந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு ஹம்னா, ரகுபதி?"

"தெரியலக்கா, யாரோ புதுசு. அதீஃப் அண்ணன் லாஸ்ட் மினிட்ல சேத்தாரு."

இங்கிலீஷ் லிஸ்டைக் காட்டு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் ஏன் என்பாள். என்ன சொல்வது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். சிங்கப்பூரில் எத்தனை ரகுபதி இருப்பான்! ஒவ்வொரு ரகுபதிக்கும் மாடியிலிருந்து குதித்தால் எப்படிப் பிழைப்பது? நாலு எழுத்து, சாதாரணமாக, எல்லோரும் எழுதுகிற மாதிரி ரகுபதி. கூடுதலாக ஒன்றும் இல்லை. தன் அட்டையைக் குத்திக்கொண்டு உள்ளே போனாள்.

எழுத்தைக் களைந்தது அவளுடைய நிரல்தான் என்பது அந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் புத்தியில் ஏறவில்லை. அதற்கு என்ன சொல்வது? விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே அவளைக் கண்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். "கடுகு வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அதீஃப் ஓடிவந்தார். நெட்டையாக, ஒல்லியாக, இஸ்திரி கலையாத சட்டையோடு, குரலுக்குப் பொருத்தமான ஆளாகத்தான் இருந்தார். முகமெல்லாம் பல். ஏதோ ஒரு ரகசியத்தை அடக்கமாட்டாமல் வைத்திருக்கிற குழந்தையைப்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் பிழையில்லாமல் வந்திருந்த அந்தப் பாப்பம்மாளே பிரியாணித் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கண்மணி முதல் கவளத்தை எடுத்தாள். அப்போது அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா தங்கச்சி, என் பேர்ல எழுத்து கொறையுதே."

"தமிழ்ல அவ்வளவுதான் சார் வரும்" என்றாள் ஹம்னா.

"எனக்குத் தமிழ் தெரியாதா? பின்னாடி திருப்பி இங்கிலீஷ்ல எழுதிக் குடு. நடுவுல ஒரு எச் கூட. கடைசியில ஒரு ஈ கூட. காசு குடுத்து வாங்குன எழுத்தும்மா அதெல்லாம்."

கண்மணி திரும்பவில்லை. கவளம் கையிலேயே இருந்தது. அதீஃப் அவள் காதருகே குனிந்தார்.

"சர்ப்ரைஸ்! உங்க ஹஸ்பண்ட்! போன மாசம் எனக்கு மெயில் போட்டாரு லா. ஒரு வெள்ளிக்கிழமை சும்மா தன் பேரைத் தேடியிருக்காரு. ஏதோ யுனிவர்சிட்டி நம்ம லாகைக் காப்பி பண்ணி வெச்சிருக்கு போல. பாத்தா அவர் பேரு, அதுக்கு முன்னாடி உங்க பேரு. அழுதுட்டேன்னு எழுதியிருந்தாரு. சண்டை போட்டுட்டு வந்துட்டீங்களாமே? வீட்டுப் பிரச்சனன்னு அன்னைக்குச் சொன்னீங்களே, எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நேர்ல வந்து சமாதானம் பண்ணணும், சொல்லிடாதீங்கன்னாரு."

கண்மணி கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"நான் சும்மா நம்பிடல" என்றார் அதீஃப் பெருமையாக. "யாரு வேணா ஹஸ்பண்ட்னு சொல்லலாம்ல? பாஸ்போர்ட் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாரு. உங்க பேருக்குப் பின்னாடி இருக்கிறதும் அவரு பேரும் லெட்டர் பை லெட்டர் மேட்ச்."

பின்னால் மரத்தரையில் காலடி கேட்டது. நிதானமான காலடி, அவசரமே இல்லை. விபூதியும் அத்தரும் கலந்த அந்த வாசனை முதலில் வந்தது, அப்புறம் அவன் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் ஒரு கூடை ரோஜாப்பூ. சட்டையில் அட்டையைத் திருப்பிக் குத்தி, ஹம்னா எழுதிக்கொடுத்த ஆங்கில எழுத்து வெளியே தெரியும்படி வைத்திருந்தான். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான்.

"உங்க எல்லாருக்கும் நன்றி. எம் பேரு உலகம் பூரா அடிபடும்னு கும்பகோணத்துல ஒருத்தர் சொன்னாரு. பத்து வருஷமாத் தேடிக்கிட்டே இருந்தேன். கடைசியில எம் பெண்டாட்டியாலதான் பலிச்சிருக்கு."

சனங்கள் கை தட்டினார்கள். பாப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே தெருவில் இரைச்சல். நாலு கடை தள்ளி லாத்தா யாருக்கோ துணி கிழித்துக்கொண்டிருப்பாள். கத்தினால் கேட்காது. கத்த என்ன சொல்லிக் கத்துவது? அறை நிறைய நல்லவர்கள், எல்லோருக்கும் சிரித்த முகம். அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதில் கெட்டவன் என்று கைகாட்ட அவனைத் தவிர ஒருவர்கூட இல்லை.

"ஒரு போட்டோ, ஒரு போட்டோ" என்று அதீஃப் போனைத் தூக்கினார். "பக்கத்துல நில்லுங்க. கண்மணி, கொஞ்சம் சிரிங்க லா!"

அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவளுடைய இடதுகையை, பார்க்கிறவர்களுக்கு ஆசையாய்ப் பிடிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டான். மடங்காத சுண்டுவிரலைத் தடவித் தேடிக் கண்டுபிடித்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்தினான்.

"சிரி கண்மணி" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னைக்கு எம் பேரைப் பாத்துச் சிரிச்சியே, அந்த மாதிரி."